மேடையை நீங்கிய குரல் மீண்டும் ஒலிக்கும்போது

புகழைத் தேடி அலைந்தவர்களின் கதைகள் எம்மிடம் ஏராளம். கைக்கு வந்த புகழை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கியவர்களின் கதைகள் குறைவு. அவ்வாறு ஒதுங்கியவர் பல ஆண்டுகளின் பின் திரும்பி வந்து, முன்னரிலும் ஆழமாகப் பாடிய கதைகள் அதனிலும் குறைவு. இத்தகைய மீள்வருகைகளைப் பத்திரிகைகள் பெரும்பாலும் அதிசயச் செய்திகளாகவே வெளியிடுகின்றன. ஆனால் ஒரு பாடகர் ஏன் விலகுகிறார், விலகியவர் எந்த நிலையில் திரும்புகிறார், திரும்பும்போது கேட்போர் அவரை எவ்வாறு ஏற்கின்றனர் என்பன ஆராய்ந்து பார்க்க வேண்டிய வினாக்களாகும். கண்டியையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் வாழ்விடமாகக் கொண்ட எமக்கு இவ்வினாக்கள் வெறும் சினிமாச் செய்தியல்ல. எமது மலைகளிலும் பாடிக்கொண்டிருந்த பல குரல்கள் ஓய்ந்துவிட்டன என்பதே அதற்குக் காரணம்.

அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசை எம்மவருக்குப் புதியதன்று. இலங்கை வானொலியின் ஆங்கில சேவை புகழ்பெற்றிருந்த காலத்தில், 1964 ஆம் ஆண்டு விமான விபத்தில் மறைந்த ஜிம் றீவ்ஸின் குரலை அறியாத நகரத்து வீடுகள் குறைவு. அமெரிக்காவின் தென்பகுதிக் கிராமங்களில் மலைவாசிகளும் பண்ணைத் தொழிலாளரும் பாடிய பாடல்களிலிருந்து உருவானது இவ்விசை. 1927 இல் டெனசி, வேர்ஜினியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிறிஸ்டல் என்ற சிறு நகரில் நடந்த ஒலிப்பதிவுகளே அதன் வணிக வரலாற்றின் தொடக்கமாகக் கருதப்படுகின்றன. உழைப்பு, பிரிவு, ஊர் ஏக்கம், இறைபக்தி என்பனவே அதன் பாடுபொருள்கள். எமது நாட்டார் பாடல்களின் பாடுபொருள்களும் இவைதாமே.

இவ்விசையுலகில் புகழின் உச்சியில் விலகியோர் பலர். 1967 இல் ஒரே பாடலால் அமெரிக்கா முழுவதும் அறியப்பட்ட பொபி ஜென்ட்ரி, 1980 களின் தொடக்கத்தில் பொதுவாழ்விலிருந்து முற்றாக மறைந்தார், பின்னர் திரும்பவேயில்லை. கார்த் புறூக்ஸ் தம் மூன்று பெண்பிள்ளைகளை வளர்ப்பதற்காக 2000 ஆம் ஆண்டு ஓய்வை அறிவித்தார். 2009 இல் லாஸ் வேகாஸில் ஒரே அரங்கில் பாடத் தொடங்கிய அவர், பிள்ளைகள் வளர்ந்த பின்னர் 2014 இலேயே முழுமையாகத் திரும்பினார். கனேடியப் பாடகி ஷனாயா ட்வெய்னின் விலகல் வேறுவகையானது. 1997 இல் வெளிவந்த அவரது இசைத்தொகுப்பு நான்கு கோடிப் பிரதிகள் வரை விற்பனையான நிலையில், உண்ணி கடித்ததால் ஏற்பட்ட லைம் நோய் அவரது குரல் நரம்புகளைப் பாதித்தது. மணவாழ்வும் முறிந்தது. 2012 இறுதியில் மேடைக்குத் திரும்பிய அவர், 2017 இல் புதிய தொகுப்பொன்றை வெளியிட்டார். திரும்பி வந்த குரல் பழைய குரலன்று என்பதை அவரே மறைக்கவில்லை.

இந்த மூன்று விலகல்களும் மூன்று வேறு நிலைகளைக் காட்டுகின்றன. ஒருவர் புகழையே வேண்டாமென்றார். மற்றவர் கடமைக்காக ஒதுங்கினார். இன்னொருவரை உடலும் உள்ளமும் கைவிட்டன. திரும்புவதும் திரும்பாமல் இருப்பதும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகின்றன. ஆயினும் இவ்வகைக் கதைக்கு மிகச் சிறந்த உதாரணம் எமது மொழியிலேயே இருக்கின்றது. அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று இலங்கை மண்ணில் எழுதப்பட்டது.

ரயிலில் பாடிய சிறுமி

கே.பி. சுந்தராம்பாள் 1908 இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் வறிய குடும்பமொன்றில் பிறந்தவர். இளம் வயதில் ரயில் பெட்டிகளில் பாடிச் சில்லறைக் காசு சேர்த்தவர் என்பது அவரது வாழ்க்கை வரலாற்றில் யாவரும் அறிந்த செய்தி. அந்தக் குரலை அடையாளங்கண்டவர், ரயில்வே அதிகாரியாகவும் நாடகக் கலைஞராகவும் விளங்கிய எப்.ஜி. நடேச ஐயர். அதன் பின்னர் வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்து, தமிழ் நாடக மேடையின் முன்னணிப் பாடகியாக அவர் உயர்ந்தார்.

அக்காலத்தில் தமிழகத்து நாடகக் குழுக்களுக்கு இலங்கை மிக முக்கியமான களமாக இருந்தது. கொழும்பில் வணிகர்களும் தொழிலாளரும் நிறைந்திருந்தனர். 1926 இல் இங்கு நாடகமாட வந்தபோதுதான் சுந்தராம்பாள், செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் மேடையேறினார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி உச்ச சுருதியில் பாடுவதில் இருவருமே நிகரற்றவர்கள். மேடையில் ஏற்பட்ட போட்டி, காதலாக மாறியது. 1927 இல் இருவரும் மணம் புரிந்தனர். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். இருவரும் சேர்ந்து நடித்த நாடகங்கள் பெரும்புகழ் பெற்றன. ஆனால் இல்வாழ்வு நிலைக்கவில்லை. பிரிவும் நோயும் தொடர, 1933 டிசம்பர் 2 ஆம் திகதி கிட்டப்பா தமது 27 ஆவது வயதில் காலமானார்.

அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அவர் வெள்ளைச் சேலையும் திருநீறும் உருத்திராக்கமும் தரித்து நாடக மேடையிலிருந்து ஒதுங்கினார். இனி எந்த ஆணுடனும் இணைந்து நடிப்பதில்லை என உறுதி பூண்டார். அக்காலச் சமூகத்தில் கணவனை இழந்த பெண்ணின் வாழ்வு வீட்டுக்குள் முடிந்துவிடுவதே வழக்கமாயிருந்தது. அவர் திரும்பி வருவார் என எதிர்பார்த்தோர் அதிகம் இருந்திருக்க முடியாது.

தம் நிபந்தனையில் திரும்பியவர்

ஆயினும் அவர் திரும்பினார். எவ்வாறு திரும்பினார் என்பதிலேயே இக்கதையின் சிறப்பு அடங்கியிருக்கின்றது. 1935 இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' திரைப்படத்தில் அவர் ஏற்றது நந்தனாரின் பாத்திரத்தை. ஆணுடன் நடிப்பதில்லை என்ற உறுதியை அவர் மீறவில்லை. தாமே ஆண் பாத்திரமாகி அதனைக் காத்தார். அதற்காக அவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் வழங்கப்பட்டதாகத் திரைப்பட வரலாறு குறிப்பிடுகின்றது. அக்காலத்தில் அது எவரும் கேள்விப்பட்டிராத தொகை. படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. எழுத்தாளர் கல்கி அதனைக் கடுமையாக விமர்சித்தார். ஆனால் குரல் திரும்பிவிட்டது.

அதன் பின்னர் அவர் ஏற்ற பாத்திரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 1940 இல் மணிமேகலை, 1953 இல் ஔவையார், 1964 இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், 1965 இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையார், 1973 இல் காரைக்கால் அம்மையார். மணிமேகலை ஆடலரங்கை விட்டுத் துறவு பூண்டவள். ஔவையும் காரைக்கால் அம்மையும் இளமையை வேண்டாமென்று வேண்டிப் பெற்றவர்கள் என்பது மரபுவழிக் கதை. கவுந்தியடிகளோ சமணத் துறவி. தம் வாழ்வில் நிகழ்ந்த துறவை மறைக்காமல், அதையே தமது கலைக்கு அடித்தளமாக அவர் ஆக்கிக்கொண்டார் எனலாம். கதாநாயகியாகத் திரும்பியிருந்தால் சில ஆண்டுகளில் வயது அவரை வெளியேற்றியிருக்கும். முதுமையின் வேடத்தை 45 வயதிலேயே ஏற்றுக்கொண்டவரை வெளியேற்ற எவராலும் முடியவில்லை.

இதற்கிடையே அவர் காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாடல்களைப் பாடினார். 1951 இல் சென்னைச் சட்ட மேலவையில் இடம்பெற்றார். 1969 இல் வெளிவந்த 'துணைவன்' படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருதும், 1970 இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்குக் கிடைத்தன. 1980 இல் அவர் காலமானார். முருகன் மீது அவர் பாடிய பாடல்கள் இன்றும் எமது தோட்டத்துக் கோயில்களில் திருவிழாக் காலத்து ஒலிபெருக்கிகளில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. ஒலிபெருக்கி இல்லாத காலத்துக்காகப் பழக்கப்பட்ட குரல், ஒலிபெருக்கியின் காலத்திலும் நிலைத்து நின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

எல்லோரும் திரும்பத்தான் வேண்டும் என்பதில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி தம் கணவர் சதாசிவம் 1997 இல் மறைந்த பின்னர் பொதுமேடையில் பாடுவதை நிறுத்திக்கொண்டார்; 2004 இல் மறையும் வரை அம்முடிவை மாற்றவில்லை. அந்த மௌனமும் மதிக்கத்தக்கதே. விலகலை ஒரு குறையாகவும் மீள்வருகையை ஒரு வெற்றியாகவும் மட்டுமே பார்ப்பது சரியன்று.

இறம்பொடையில் பிறந்த ரசம்மா

புகழைப் பாடகர் துறப்பது ஒன்று. புகழ் பாடகரைத் துறப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு எமது மலைநாடே உதாரணம் தருகின்றது. கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில், நீர்வீழ்ச்சிக்குப் பெயர்பெற்ற இறம்பொடையில் 1923 ஜனவரி 15 ஆம் திகதி பிறந்த பெண்குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் டெய்சி ரசம்மா டானியல்ஸ். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவரே பின்னாளில் சிங்களத் திரையுலகின் முதல் கதாநாயகியாகவும் பெரும் பாடகியாகவும் விளங்கிய ருக்மணி தேவி.

பதின்ம வயதிலேயே இசைத்தட்டில் பாடிய அவர், 1947 ஜனவரி 21 ஆம் திகதி திரையிடப்பட்ட முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ'வில் நாயகியாக நடித்தார். அப்படத்தைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்னும் தமிழர். படம் பிடிக்கப்பட்டது மதுரையில். இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக இலங்கைத் திரையில் கோலோச்சிய அவருக்கு, வயது கூடியதும் வாய்ப்புகள் குறைந்தன. படப்பிடிப்புத் தளங்கள் அவரை மறந்தன. அவர் என்ன செய்தார்? தொடங்கிய இடத்துக்கே, அதாவது பாட்டுக்கே திரும்பினார். களியாட்ட விழாக்களிலும் திறந்தவெளி இசை நிகழ்ச்சிகளிலும் ஊர் ஊராகச் சென்று பாடினார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'அஹசின் பொலவட' படத்தில் குணச்சித்திர வேடமேற்று மீண்டும் கவனத்தைப் பெற்ற 1978 ஆம் ஆண்டிலேயே, மாத்தறையில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில் ஜா-எல, துடெல்லையில் நிகழ்ந்த வாகன விபத்தில் ஒக்டோபர் 28 ஆம் திகதி உயிர்நீத்தார்.

சுந்தராம்பாள் தம் நிபந்தனையை முன்வைத்துத் திரும்பினார். ருக்மணி தேவிக்கு அந்த வசதி இருக்கவில்லை. பிழைப்புக்காகவும் பாட்டின் மீதான பற்றுக்காகவும் திரும்பினார். இருவருக்கும் பொதுவானது ஒன்றே. தோற்றத்தை நம்பிய புகழ் மங்கிய பின்னரும் குரலை நம்பிய புகழ் எஞ்சியிருந்தது.

குரல் மாறுவது ஏன்?

திரும்பி வரும் பாடகரிடம் பழைய குரலையே எதிர்பார்ப்பது கேட்போரின் வழக்கம். உடலியல் அதற்கு இடந்தருவதில்லை. தொண்டையிலுள்ள இரு குரல்நாண்கள் அதிர்வதாலேயே குரல் பிறக்கின்றது. பேசும்போது ஆண்களுக்கு விநாடிக்கு 100 முதல் 125 தடவைகள் வரையும், பெண்களுக்கு ஏறக்குறைய 200 தடவைகளும் அவை அதிர்கின்றன. வயது ஏற ஏறப் பெண்களின் சுருதி தாழ்கின்றது. முதிய ஆண்களின் சுருதி சற்று உயர்கின்றது. நாண்களின் நெகிழ்வு குறைகின்றது. மூச்சின் கொள்ளளவும் குறைகின்றது. நீண்ட காலம் பாடாதிருந்தால் தசைகளின் பழக்கமும் தளர்ந்துவிடும். ஆகவே மீண்டும் பாட வருபவர் பழைய பாடலைச் சுருதி இறக்கிப் பாடுவது தோல்வியின் அடையாளமன்று. உடலோடு செய்துகொள்ளும் நேர்மையான உடன்பாடு அது.

இங்கு புதியதொரு சிக்கலும் எழுந்துள்ளது. அமெரிக்கப் பாடகர் ரண்டி ட்ராவிஸ் 2013 இல் பக்கவாதத்தால் பேச்சையும் பாட்டையும் பெருமளவு இழந்தார். 2024 இல் அவரது சம்மதத்துடனும் பங்கேற்புடனும், வேறொரு பாடகர் பாடிய பாடலின் மீது செயற்கை நுண்ணறிவின் மூலம் அவரது பழைய குரல் ஏற்றப்பட்டு வெளியிடப்பட்டது. ஒரு நோயாளிக்குக் குரலை மீட்டுக் கொடுத்த செயல் என அதனை வரவேற்போர் உளர். ஆனால் சம்மதம் சொல்ல முடியாதவரின் குரலையும், மறைந்தவரின் குரலையும் இவ்வாறே எவரும் கையாளலாமா என்ற வினாவுக்குச் சட்டங்கள் இன்னும் தெளிவான விடை தரவில்லை. இயந்திரம் திருப்பித் தருவது கடந்தகாலக் குரலை மட்டுமே. விலகியிருந்த ஆண்டுகள் ஒரு மனிதருக்குக் கற்றுக்கொடுத்தது அதில் இராது. சுந்தராம்பாளின் ஔவையாரில் நாம் கேட்பது அந்த ஆண்டுகளையே.

பெயர் பதியப்படாத பாடகர்கள்

இனி எமது வாசலுக்கு வருவோம். தமிழகத்தின் கிராமத்துப் பாடல்களில் 'கண்டி' என்பது ஒரு நகரத்தின் பெயர் மட்டுமன்று; மலையகம் முழுவதையும் 'கண்டிச் சீமை' என்றே அம்மக்கள் அழைத்தனர். 1820 களில் கம்பளைப் பக்கத்தில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கையும், 1867 இல் ஹேவாஹெட்டையை அடுத்த லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கையும் இம்மக்களை இங்கு கொண்டுவந்தன. அவர்கள் கொண்டுவந்த செல்வம் பாட்டு ஒன்றே. தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, கொழுந்து பறிக்கும்போது பாடிய பாடல்கள், மாசி மாதத்துக் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என அது விரிந்தது. விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்பின் ஒலியே.

இப்பாட்டு போராட்டத்துக்கும் பயன்பட்டது. 1930 களில் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் பேசிய கூட்டங்களில் அவரது துணைவியார் மீனாட்சி அம்மாள் பாடல்கள் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். பிற்காலத்தில் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் திரட்டிப் பதித்தார். சாரல் நாடன் அவற்றை ஆராய்ந்து எழுதினார். இவர்கள் இல்லாதிருந்தால் அச்செல்வத்தின் பெரும்பகுதி அழிந்திருக்கும்.

எனினும் அந்தத் தொகுப்புகளில் பாடல்கள் இருக்கின்றன. பாடியவரின் பெயர்கள் மிகக் குறைவு. நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை என்பது உண்மை. ஆனால் அதனைப் பாடிய குரலுக்குச் சொந்தக்காரர் இருந்தார். எந்த லயத்தில் எந்தப் பாட்டியின் ஒப்பாரியைக் கேட்க அயல் தோட்டத்தவரும் கூடினர் என்பதை அந்தத் தோட்டம் அறிந்திருந்தது. அவ்வாறு ஒரு தோட்டத்தில் புகழ்பெற்றவர்களும் ஒரு காலத்தில் பாடுவதை நிறுத்தினர். அவர்களின் விலகலை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

அவர்கள் ஏன் நிறுத்தினர்? முதற்காரணம் இடப்பெயர்வு. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. ஒரு கூத்துக் குழுவில் காமனாக ஆடியவர் கப்பலேற, ரதியாக ஆடியவர் இங்கே தங்கினால் கூத்து எவ்வாறு நடக்கும்? இங்கிருந்து சென்ற பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். பாட்டும் இரண்டாகப் பிரிந்தது.

இரண்டாவது காரணம் சாதி இழிவு. தப்பு அடிப்பது ஒரு குறிப்பிட்ட பிரிவினரின் கடமையெனத் திணிக்கப்பட்டது. சாவு வீட்டிலும் கோயில் வாசலிலும் அடித்தவருக்குக் கிடைத்தது கூலியோ மரியாதையோ அன்று. படித்த பிள்ளைகள் அந்தத் தப்பைத் தொட மறுத்தது முற்றிலும் நியாயமானது. 'கலையை அழியவிட்டனர்' என அவர்களைக் குறைகூறுவோர், அக்கலையோடு கட்டப்பட்டிருந்த அவமானத்தை முதலில் அவிழ்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் பொருளாதாரம். தோட்டத்தில் வேலை செய்யும் இளைஞர் குறைந்து, கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைப்போர் பெருகிவிட்ட நிலையில், இரவு முழுவதும் ஆடும் கூத்துக்கு ஆள் சேர்ப்பதே கடினமாகியுள்ளது.

கண்டி நகரம் கற்றுத்தரும் பாடம்

இதற்கு மாற்று உண்டா என்ற கேள்விக்கு விடை தேடித் தூரம் செல்லத் தேவையில்லை. எசல பெரஹராவில் ஆடும் கண்டிய நடனக் கலைஞரும் பெரை முழக்குவோரும் பரம்பரை பரம்பரையாக இராஜகாரியக் கடமைக்கு உட்பட்டவர்கள். சாதி அடுக்கில் அவர்களும் தாழ்ந்தவர்களாகவே கருதப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டில் அந்நடனம் நாட்டின் அடையாளமாக உயர்த்தப்பட்டது, பாடசாலைப் பாடமாயிற்று, நித்தவெல குணயா போன்ற ஆசான்களின் பெயர்கள் நிலைபெற்றன. சாதி வேறுபாடு அதனால் முற்றாக ஒழிந்துவிட்டது என நாம் கூறவில்லை. ஆனால் கலைஞரின் பெயரைச் சொல்லி, கற்பிப்பவருக்கு ஊதியம் கொடுத்து, எல்லாப் பிள்ளைகளையும் கற்க அழைத்தபோது அக்கலை பிழைத்தது. அதே நகரத்தில், அதே மலைகளில் ஒலித்த தப்புக்கு அந்த வாய்ப்பு உரிய காலத்தில் கிடைக்கவில்லை.

இன்று செய்யக்கூடியவை சில உள்ளன. முதலாவது, எஞ்சியிருக்கும் மூத்த பாடகர்களின் பாடல்களை அவர்களின் பெயருடனும், சம்மதத்துடனும், பாடும் சூழலுடனும் பதிவு செய்தல். பேராதனைப் பல்கலைக்கழகம் அருகிலேயே இருக்கின்றது. கையடக்கத் தொலைபேசியே இன்று போதிய ஒலிப்பதிவுக் கருவி. ஆகவே வசதியில்லை என்ற காரணத்தை இனியும் கூற முடியாது. இரண்டாவது, விழாக்களுக்கு அவர்களை அழைக்கும்போது பொன்னாடையுடன் நிறுத்திவிடாது உரிய ஊதியத்தையும் வழங்குதல். மூன்றாவது, பாடசாலைகளின் தமிழ்மொழித் தினப் போட்டிகள் போன்றவற்றுக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போது, இறுவட்டைக் கேட்டுப் பழக்காமல் அப்பாடல்களை அறிந்த தோட்டத்துப் பாட்டியையே வகுப்பறைக்கு அழைத்தல். நான்காவது, தப்பைக் கற்கும் வாய்ப்பை எல்லோருக்கும் பொதுவாக்குதல். ஒரு பிரிவினர் மட்டும் அடிக்க மற்றையோர் கைதட்டும் வரையில் அது மரியாதையாகாது.

சுந்தராம்பாளின் வாழ்வு எமக்குச் சொல்வது இதுவே. விலகிய கலைஞர் திரும்புவது அவரது துணிவினால் மட்டும் நிகழ்வதன்று. அவர் விதிக்கும் நிபந்தனையை ஏற்கும் ஒரு மேடையும், மாறிய குரலை மாறிய குரலாகவே கேட்கும் ஓர் அவையும் வேண்டும். கொடுமுடிச் சிறுமிக்கு அவை கிடைத்தன. இறம்பொடையின் ரசம்மாவுக்குப் பாதியே கிடைத்தது. எமது லயங்களில் பாட்டை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் முதியவர்களுக்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுள் பலருக்கு எழுபது, எண்பது வயதாகிவிட்டது. மேடையை அமைப்பதற்கு எமக்கிருக்கும் காலம், அவர்களுக்கு எஞ்சியிருக்கும் காலத்தை விட அதிகமன்று.